போடில் திட்டிய திட்டு

"இங்கயா படுத்திருக்கீங்க? விடிஞ்சதுலேர்ந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டு வரேன். நீங்க பனியில சொகுசா சாஞ்சிருக்கீங்களா?"

போடில் என்ற அந்தப் பெண் போட்ட சத்தத்தில் ஸ்வீடன் சார்ஜென்ட் திரும்பிப் பார்த்தான்.

லுண்ட் நகருக்கு வடக்கே இருந்த அந்த வயலில் நேற்று பகல் முழுவதும் ஸ்வீடன் படையும் டென்மார்க் படையும் மோதியிருந்தன. வயல் இப்போது ஸ்வீடன்காரர் கையில். காயம்பட்டவர்களை ஏற்றிப் போக, சுற்று வட்டாரத்து வண்டிகளை வரச் சொல்லியிருந்தார்கள்; போடிலும் தன் குதிரை வண்டியோடு வந்திருந்தாள். சார்ஜென்ட் இரண்டு வீரர்களோடு ஒவ்வொரு உடலாகப் பார்த்துக்கொண்டு வந்தான். தங்கள் ஆள் என்றால் தூக்கச் சொன்னான். டென்மார்க்காரன் என்றால் வாளை ஓங்கினான்.

வேலியோரம் கிடந்தவனிடம் அடையாளம் எதுவுமில்லை. கோட்டு, தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றையும் யாரோ உருவிக்கொண்டு போயிருந்தார்கள். கந்தல் சட்டையும் தொடையில் ஒரு காயமும்தான் மிச்சம்.

"யாரும்மா இவன்?"

"என் வீட்டுக்காரர் ட்ரூல்ஸ்ங்க. உங்க ஆளுங்கதானே மூட்டை தூக்கணும்னு இழுத்துட்டுப் போனாங்க?" என்றவள், கீழே கிடந்தவன் பக்கம் குனிந்தாள். "'அழாத போடில், ஒரே வாரத்துல வந்துடறேன்'னு சொல்லிட்டுப் போனீங்களே, இதுதான் வர்ற லட்சணமா? வாசல்ல மூணு புள்ளைங்களும் ஒண்ணா அழுதுச்சே, திரும்பியாவது பாத்தீங்களா?"

அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். உதடு அசைந்தது. "தண்ணி..."

சார்ஜென்ட்டின் முகம் இறுகியது. "டென்மார்க்காரன் பேச்சு மாதிரி இருக்கே?"

"எங்க ஸ்கோனே பக்கம் வேற எப்படிங்க பேசுவாங்க? டென்மார்க்கிட்டேர்ந்து எங்க மண்ணு உங்க ராஜா கைக்கு வந்தே பதினெட்டு வருஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள நாக்கு மாறிடுமா?"

வீரர்கள் சிரித்தார்கள். சார்ஜென்ட் சிரிக்கவில்லை. வாள்முனையைக் கிடந்தவன் மார்பில் வைத்தான்.

"நீ சும்மா இரும்மா. அவன் சொல்லட்டும். டேய், உன் பெண்டாட்டி பேர் என்ன?"

போடில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போ... போடில்."

"புள்ளைங்க எத்தனை?"

"மூணு."

"கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

வாள்முனை சட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே அழுந்தியது. அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இவ வாயைக் கேட்டா... நூறு வருஷம் ஆன மாதிரி இருக்குங்க."

சார்ஜென்ட் ஒரு கணம் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எனக்கும் ஊர்ல இப்படி ஒருத்தி இருக்கா. டேய், இவனைத் தூக்கி அந்தம்மா வண்டியில போடுங்கடா!"

"மெதுவாத் தூக்குங்கய்யா, அது என்ன விறகுக்கட்டையா?" என்று அவர்களுக்கும் இரண்டு திட்டு விழுந்தது.

வண்டி காற்றாலையைத் தாண்டிச் சரிவில் இறங்கியது. வயல் கண்ணுக்கு மறைந்ததும் போடில் குதிரையை நிறுத்தினாள். போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டு, குடுவையிலிருந்த பீரை அவன் வாயருகே வைத்தாள். அவன் மடக் மடக்கென்று குடித்தான்.

"நூறு வருஷமா? சாகப்போற நேரத்துல இந்தக் குறும்பு!" என்று அவன் தோளைத் தட்டினாள். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் கண்ணில் நீரே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு லகானைக் கையில் எடுத்தாள்.

"சரி, உன் பேரென்ன தம்பி, டென்மார்க்ல எந்த ஊரு? படைக்கு இழுத்துடுவாங்கன்னு பரண்ல ஒளிஞ்சிருக்காரே என் புருஷன், அவர் கேட்டா சொல்லணும்ல?"