பானெட்டில் ஒரு சிலந்திவலை

டார்ச் அடித்துப் பார்த்தேன். பானெட்டில் வெளிச்சம் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்திவலை மாதிரி மெல்லிய கீறல்கள். இரண்டு தடவை தேய்த்து, இரண்டு தடவை பாலிஷ் போட்டும் வலை அப்படியே இருந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு. இதோட விட்டுடுங்க," என்றாள் மனைவி.

இதையெல்லாம் பார்க்க ஒரு கண் வேண்டும் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன். விடிய விடிய வீடியோ பார்த்துத் தேறிய கண் என்னுடையது.

கார் என்னுடையதில்லை, மாமனாருடையது. கருநீலம். காலையில் தன் முகத்தைத் துடைக்கும் முன் அதைத் துடைக்கிற மனிதர். இனிமேல் ஓட்ட முடியவில்லை என்று வண்டியை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். "ஒரு வாரம் வச்சிருங்க மாப்ளே. ஒழுங்கா பாத்துக்கிட்டா வண்டி உங்களுக்கு. இல்லைன்னா வித்துடறேன்" என்பது ஏற்பாடு. வாரம் முழுக்க நான் அதன் பக்கத்தில் நின்று தும்மக்கூட இல்லை. இன்று சாயங்காலம் அவர் திரும்பி வருகிறார்.

காலையில்தான் எனக்குச் சனி பிடித்தது. வருகிறவருக்கு வண்டி பளிச்சென்று தெரியட்டும் என்று போர்டிகோவில் புது பல்பு மாட்டினேன். பல்பு நன்றாகவே எரிந்தது. நான் இறங்கும்போது ஏணி வழுக்கி, பானெட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டது.

பெயிண்டரைக் கூப்பிடலாம் என்றாள் மனைவி. இல்லாவிட்டால் அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள். இரண்டுமே புத்தியுள்ளவர்கள் செய்கிற காரியம். நான் நேரே கடைக்குப் போய் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர், மெருகேற்றுகிற காம்பவுண்ட் பசை எல்லாம் வாங்கிக்கொண்டு, பாலிஷ் மெஷினையும் வாடகைக்கு எடுத்து வந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை கை நன்றாகவே பேசியது. பேப்பரை வாளியில் ஊறவைத்து, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தேன். பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது. பெயிண்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் தேயும்போது தண்ணீர் வெள்ளையாகத்தான் வரும், நீலமாக வந்தால் பெயிண்டே போகிறது, உடனே கையை எடுத்துவிடு என்று வீடியோக்காரன் சொல்லியிருந்தான். வழிந்ததைத் துணியால் துடைத்தேன். அதே துணியால் என் முகத்தில், மூக்குக்கண்ணாடியில் தெறித்திருந்ததையும் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். ஏணி இழுத்த கோட்டைக் காணோம். அடுத்த ஜென்மத்தில் பெயிண்டராகப் பிறக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

காம்பவுண்ட் போட்டுப் பாலிஷும் முடித்துவிட்டு டார்ச் அடித்தபோதுதான் இந்த வலை கண்ணில் பட்டது. கோட்டை அழிக்கப் போய் ஆயிரம் கோடு போட்டுவிட்டிருந்தேன்.

இரண்டாம் தடவை தேய்த்தும் அது போகாததால் மூன்றாம் தடவை பேப்பரை எடுத்தேன். நடுவில் மனைவி வந்து, அப்பா பஸ் ஏறிவிட்டார், மறதியில் தன் கண்ணாடியை அத்தை வீட்டிலேயே வைத்துவிட்டாராம் என்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குச் சிலந்திவலை என்ன, சிலந்தியே வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காதே.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நீலமாக வந்தது. துணியில் சாயம் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். துணி வெள்ளை. அப்புறம் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் பிரைமர் எட்டிப் பார்த்தது. நான் சுதாரித்துக் கையை எடுப்பதற்குள் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பொழுது சாய்ந்து பல்பு போட்ட நேரத்தில் மாமனார் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வண்டியிடம் போனார். அந்தத் தட்டு கண்ணாடி இல்லாமலே அவருக்குத் தெரிந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். திட்டியிருந்தால் தேவலை.

ஏணியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. சாவியை எடுத்து நீட்டினேன்.

"வித்துடுங்க மாமா. இதை வச்சுக்க நான் லாயக்கில்லை. இவ்வளவு தேய்ச்சும் அந்த வலை மட்டும் போகவே இல்லை. இதோ, இந்தப் பக்கம் இன்னும் இருக்கு பாருங்க."

அவர் குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணாடி பவர் கிட்டத்தட்ட ஒன்றுதான், அவசரத்துக்கு என்னுடையதை வாங்கி மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். இப்போதும் என் மூக்கிலிருந்து உரிமையோடு உருவி மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்து மறுபடி குனிந்தார்.

"அட, ஆமா. இருக்கு," என்றார்.

பார்த்தாயா என்கிற மாதிரி மனைவி பக்கம் திரும்பினேன். இன்றைய நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

மாமனார் நிமிர்ந்தார். தலைக்கு மேல் எரிந்த என் புது பல்பைக் கண்ணாடியோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சாவியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பல்பைச் சுத்தியும் இதே வலை இருக்கு மாப்ளே. ஏணியை எடுத்துட்டு வாங்க, அதையும் தேய்ச்சிடலாம்."