ஐ டோன்ட் மைண்ட்

"மைண்ட்னா எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு அந்த லண்டன் ஜட்ஜுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும், டாக்டரம்மா."

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் பெல்லா டூதி. வடக்குக் கடற்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து எடின்பரோ வந்திருந்தாள். மீன் தொழிற்சாலை வேலை. உப்பில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தன.

"நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா. சொல்லுக்குத்தான் வைத்தியம்" என்று சிரித்தாள் ரோனா. ஸ்காட்லாந்துப் பேச்சுக்கு அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் அவள் ஆசிரியர்.

"எனக்கு வேண்டியதும் அந்த வைத்தியந்தான். இந்தாங்க, புகையில வாட்டின மீன். லஞ்சம்னு நினைச்சுக்காதீங்க."

"லஞ்சம்னாலும் விடமாட்டேன். முதல்ல மூடி வைங்க, பக்கத்து ரூம்காரர் மோப்பம் பிடிச்சு வந்துருவார்."

பெல்லா சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து மேஜைமேல் நீவி வைத்தாள். 'அவள் செத்தால் எனக்கென்ன?' கொட்டை எழுத்துத் தலைப்பு. கீழே ஓர் இளைஞனின் படம்.

"என் பையன். ஈவன்."

ரோனாவின் சிரிப்பு நின்றது. நாடே காறித் துப்பிய வழக்கு. லண்டனில் ஒரு பெண்ணைக் காரால் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்தவன். அடுத்த திருப்பத்தில் சுவரில் மோதி, அவன் மண்டையும் பிளந்தது. 'ரோட்டில் கிடந்தவளைப் பார்த்தியா, இல்லையா?' என்று போலீஸ் கேட்டதற்கு அவன் சொன்னது ஒரே பதில்.

'ஐ டோன்ட் மைண்ட்.'

எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அப்படித்தான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். ஈவிரக்கமற்ற மிருகம் என்று சொல்லி, நீதிபதி பதினான்கு வருடம் சிறை விதித்துவிட்டார்.

"இதைப் படிச்சதும் எனக்குப் பொறி தட்டுச்சு" என்றாள் பெல்லா. "எங்க ஊர்ல 'அந்தப் புயலை மைண்ட் பண்றியா'ன்னு கேட்டா, ஞாபகம் இருக்கான்னு அர்த்தம். 'ஐ டோன்ட் மைண்ட்'னா ஞாபகம் இல்லைன்னு அர்த்தம். மண்டையில அடிபட்டவன் வேற என்னத்தைச் சொல்லுவான்? நான் சொல்றது தப்பா?"

ரோனா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

"தப்பே இல்ல! அந்தச் சொல்லோட பிறப்பே அதுதாம்மா. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால இங்கிலாந்துக்காரனுக்கும் மைண்ட்னா ஞாபகந்தான். அப்புறம் அது ஞாபகமா இரு, ஜாக்கிரதையா இருன்னு ஆச்சு. பிள்ளையைப் பார்த்துக்கன்னு ஆச்சு. கவலைப்படுன்னு ஆகி, கடைசியில 'உனக்கு ஆட்சேபணையா'ங்கற இடத்துல போய் நின்னுருச்சு. தெற்கே சொல் ஊர் ஊராப் போயிருச்சு. நாம பழைய வீட்டுலயே குடியிருக்கோம்."

"இதைக் கோர்ட்டுல சொன்னா எடுபடுமா?"

"ஏன் எடுபடாது? உங்க வக்கீல் என்ன சொல்றார்?"

"நிபுணர் ஒருத்தர் எழுதிக் கொடுத்தா அப்பீல்ல பேசலாம்னார். இல்லைன்னா இதோட முடிஞ்சுதுன்னுட்டார்."

ரோனாவின் கை பரபரத்தது. இத்தனை வருடமாகச் சொற்களைத் தோண்டுகிறாள். கூடப்பிறந்த அண்ணன்கூட, 'உன் அகராதியால ஒரு ஈ எறும்புக்காவது பிரயோஜனம் உண்டா?' என்று கேலி பேசுவான். இதோ, ஒரு மனிதனைச் சிறையிலிருந்து மீட்கப்போகிறது ஒரு சொல்!

கம்ப்யூட்டரில் மடமடவென்று அடித்தாள். 'மேற்படி இளைஞர் இரக்கமின்றிப் பேசவில்லை. தமக்கு நினைவில்லை என்பதைத் தம் தாய்மொழியில்...'

பெல்லா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா. பிள்ளை வந்துருவான்" என்றாள் ரோனா. "ரெண்டே விஷயம் பாக்கி. எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்ததுமே, 'இவன் இந்தப் பேச்சை எங்கே கத்துக்கிட்டான்'னு மடக்குவான். எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெருவுல விளையாடினான், எல்லாம் சொல்லுங்க. அப்புறம் போலீஸ் பதிவு பண்ணின குரலைக் கேக்கணும். அதுல நம்ம ஊர் வாடை லேசா அடிச்சாலே போதும், ஜெயிச்சுருவோம்."

பெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா?"

"குரலை... கேட்டே ஆகணுமா?"

"ஆமா. ஏன்?"

பெல்லா செய்தித்தாள் துண்டை எடுத்து மடித்தாள். மறுபடி மடித்தாள். இனி மடிக்க முடியாது என்கிற அளவுக்குச் சின்னதாக்கினாள்.

"பொய் சொல்லிடலாம்னு தைரியம் பண்ணிக்கிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவங்கப்பன் லண்டன்காரன். பிள்ளைக்கு ரெண்டு வயசு நடக்கறப்போ ராத்திரியோட ராத்திரியாத் தூக்கிட்டுப் போயிட்டான். எங்கெங்கேயோ தேடினேன், கிடைக்கலை. பேப்பர்ல இந்தப் படத்தையும் பேரையும் பார்த்துத்தான் உசுரோட இருக்கான்னே தெரிஞ்சுது. போன வாரம் ஜெயிலுக்குப் போனேன்."

ரோனா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "ஒருவேளை... நம்ம பேச்சு கொஞ்சமாவது அவன் நாக்குல ஒட்டியிருக்குமில்லையா?"

"நானும் அந்த நப்பாசையிலதான் போனேன், கண்ணு. அவன் எதிர்ல நின்னு, நம்ம பேச்சுலயே, 'டூ யூ மைண்ட் மீ', என்னை ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்" என்றாள் பெல்லா. "அவன் தலையை நிமிர்த்தாமயே, 'ஐ டோன்ட் மைண்ட். தாராளமா உட்காருங்க மேடம்'னான்."