ஒரு தடவைதான் சொல்லும்

"எழுபது மணி நேரம் ஓடின டெஸ்ட்டைக் கடைசி ரெண்டு மணி நேரத்துல கொன்னுட்டு, மெஷின் மேல பழி போடறியா? அதுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்!"

சோதனைக்கூடத்தின் மேலாளர் இப்படிச் சொல்லிவிட்டு, கையிலிருந்த சூடான கோப்பையை ஊதி ஒரு வாய் குடித்தார். அவர் தலைக்கு மேலே 'இங்கே எதையும் அருந்தக் கூடாது' என்று பலகை தொங்கியது. மாட்டச் சொன்னவர் அவர்தான். 'கூடாது' சாய்ந்திருக்கிறது என்று மூன்று முறை அழித்து எழுதவைத்தவரும் அவரே. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தாவிட்டால் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்காது. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைச் 'சிவப்பு மை' என்பார்கள்.

எதிரே நின்றவள், சோதனைக்கான ப்ரோகிராம் எழுதுபவள். ஆறு மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமா, நடையைக் கட்டுவதா என்று முடிவு செய்ய இயக்குநர் அம்மாளே வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அது அழ வேண்டாம் சார், பேசவே தெரியும்," என்றாள் அவள். "டெஸ்ட்டுக்குக் கரண்ட் குடுக்கற அந்த பவர் சப்ளைக்குள்ள ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர்லேர்ந்து கேட்டா, என்ன நடந்துச்சுன்னு ஒரு எண்ணா சொல்லும்."

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு ரெஜிஸ்டர்தான். ஒண்ணு, ஆபீசுக்கு லேட்டா வந்து கையெழுத்துப் போடறது. இன்னொண்ணு, வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போய்க் கையெழுத்துப் போடறது. இது எந்த வகைம்மா?"

இயக்குநர் சிரிக்கவில்லை. "என்ன எண் வரும்?"

"முப்பத்திரண்டு வந்தா என் ப்ரோகிராம் தப்பான கட்டளை அனுப்பியிருக்குன்னு அர்த்தம் மேடம். இப்பவே பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடறேன். நூத்தி இருபத்தெட்டு வந்தா, நடுவுல யாரோ பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகியிருக்காங்க."

"பேய் பிடுங்கியிருக்கும்," என்றார் மேலாளர். "இருபது வருஷமா இந்த மெஷின்களோட குடும்பம் நடத்தறேன். என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. நேத்து வந்த உன்கிட்ட மனசு விட்டுப் பேசுதாக்கும்! சரி, நேத்து சாயங்காலமே நின்னு போச்சே, அப்பவே கேக்கறதுக்கென்ன?"

"மேடம் முன்னாடி கேட்டாத்தான் நம்புவீங்கன்னு தொடாம வச்சிருக்கேன் சார்."

"அப்படியா? கேளு, கேளு. நாங்களும் காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறோம்." அவளுக்கு நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் அவர் அவளுக்குச் செய்த முதல் உபகாரம் அது.

அவள் உட்கார்ந்து கேள்வியைத் தட்டினாள். திரையில் பதில் வந்தது.

பூஜ்யம்.

மேலாளர் சிரித்த சிரிப்பில் கோப்பை தளும்பியது. "மெஷின் உனக்கு மார்க் போட்டிருக்கு பாரு! மேடம், யாரும் பிளக்கைத் தொடலைன்னு அதுவே சாட்சி சொல்லிடுச்சு. அப்புறம் மிச்சம் இருக்கறது இவளோட ப்ரோகிராம்தானே?"

"முப்பத்திரண்டும் வரலையே?" என்றார் இயக்குநர்.

"தப்பைக்கூட இவளுக்கு ஒழுங்கா பண்ணத் தெரியல மேடம்."

இயக்குநர் பேனாவைத் திறந்தார். மடியிலிருந்த தாளில் இரண்டே கட்டங்கள்: நிரந்தரம், விடுவிப்பு. பேனா முனை இரண்டாவது கட்டத்தின் மேல் போய் நின்றது.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, சாதுவாகச் சொன்னாள்.

"பூஜ்யம் வரக் கூடாது மேடம். எனக்கு முன்னாடியே யாரோ இதைப் படிச்சிருக்காங்க. இந்த ரெஜிஸ்டரை வரிசையா மூணு தடவை படிச்சா, உள்ள இருக்கற எண் அழிஞ்சிடும்."

"மூணு தடவையா?" சிவப்பு மை கொதித்தெழுந்தது. "ஆறு மாசமா இங்க என்னத்தைக் கிழிச்சே? ஒரே ஒரு தடவை படிச்சாலே அழிஞ்சிடும்! காலையில நான் படிச்சப்போ நூத்தி இருபத்தெட்டு, உடனே மறுபடி படிச்சா பூஜ்ய..."

இயக்குநர் அம்மாளின் பார்வை அவர் கோப்பைக்குப் போய், அங்கிருந்து பவர் சப்ளையின் பிளக்குக்கு ஒட்டினாற்போல் ஆவி விட்டுக்கொண்டிருந்த கெட்டிலுக்குப் போனது.

"ரொம்ப நன்றி சார்," என்றாள் அவள், "தப்பைத் திருத்தினதுக்கு."