சுவரில் விளைந்த கோதுமை

மழை பொய்த்த ஐந்தாவது வருடம், அந்த அமெரிக்கச் சிற்றூரின் தபால் நிலையச் சுவரில் கோதுமை விளைந்தது. அரசாங்கம் அனுப்பிய ஓவியர் லாயிட் ஏணியில் நின்று தீட்டிக்கொண்டிருந்தார். படத்து விவசாயிக்கு மாதிரியாக நின்றவர் ஆர்வில். முகம் முடிந்தது, கை முடிவதற்குள் அவருடைய நிலம் ஏலத்தில் போனது.

அவர் ஊரைவிட்டுக் கிளம்பும் அன்று, போஸ்ட்மாஸ்டர் ஹெட்டி ஓர் அட்டையை நீட்டினாள். "புது விலாசம் எழுதுங்க."

"விலாசம் இருந்தா நான் ஏன் போறேன் ஹெட்டி?" என்று சிரித்தார். "பையன் கடுதாசி போட்டா வச்சிரு. அவன் எங்க இருக்கான்னு அதுலதான் தெரியும். போற எடத்துலேர்ந்து எழுதுறேன்."

எட்டாம் நாள் மகனின் கடிதம் வந்தது. உறையில் அனுப்பியவர் விலாசம் இல்லை. ஆர்வில் எழுதவே இல்லை. சட்டப்படி முப்பது நாள்தான். ஹெட்டி நாற்பது நாள் வைத்திருந்தாள். மறுநாள் சோதனை அதிகாரி வருகிறார். உரியவர் கிடைக்காத கடிதங்களுக்கான பையை எடுத்தாள். அந்தப் பையில் போனது திரும்பாது.

"அவர் கையில என்ன வரையப்போறீங்க?" என்று ஏணியில் நின்ற லாயிடிடம் கேட்டாள்.

"கதிர்க்கட்டு."

"ஒரு கடுதாசி வரையக்கூடாதா?"

"வாஷிங்டன்ல ஒத்துக்கிட்ட படம்மா. செழிப்பா இருக்கணுமாம். மாத்துனா கூலி கிடையாது."

ஹெட்டி கடிதத்தைப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினாள். மேலே, நீட்டியிருந்த ஆர்விலின் வெறும் கையில் லாயிட் முதல் கதிரைத் தீட்டினார்.