கைக்குள் இருந்த சாவிகள்

பதினான்கு வயது நிலோபர் தெருவில் வலிப்பு வந்து விழும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து அவள் கையில் ஒரு சாவியைத் திணிப்பார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. நினைவு திரும்பும்போது வீட்டில் கிடப்பாள். மூடிய கைக்குள் சாவி அப்படியே இருக்கும். கொடுத்தது யாரென்று தெரியாது. "சாவியால ஒண்ணும் ஆகாது, மாத்திரைய விடாம போடு" என்று வலிப்பு டாக்டர் சிரித்தார். மாத்திரையில் வலிப்பு குறைந்தது. ஆனால் வகுப்பில் எல்லோர் முன்னாலும் விழுந்த நாளிலிருந்து, மூன்று மாதமாக, அவள் வாசலைத் தாண்டவில்லை. இன்றுதான் உம்மா அழுது கெஞ்சி ஆட்டோவில் ஏற்றி, மனநல டாக்டரிடம் கூட்டிவந்திருந்தாள்.

"வெளிய போக என்னம்மா பயம்?" என்று அவர் நிலோபரிடம் கேட்டார்.

"விழுந்தா எல்லாரும் பாப்பாங்க."

"பாத்தவங்க என்ன பண்ணாங்க?"

நிலோபர் கூடவே கொண்டுவந்திருந்த துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். இதுவரை கையில் திணிக்கப்பட்ட ஐந்து சாவிகள் விழுந்தன. அதில் நீளமான பழைய வீட்டுச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உம்மா, இதக் குடுத்தவங்க அன்னைக்கு எப்படி வீட்டுக்குள்ள போயிருப்பாங்க?"

வெளியே வந்ததும் உம்மா ஆட்டோவுக்குக் கைகாட்டினாள். நிலோபர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நடந்தே போலாம், உம்மா."

வழிநெடுக, அந்த நீளச் சாவியைக் கையில் வைத்தபடி, பூட்டு தொங்கிய ஒவ்வொரு கதவின் முன்னாலும் நின்று நின்று நடந்தாள்.