ஒற்றை விரல் வணக்கம்

ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளியில் உச்சி வெயில். காருக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவனின் இடது சக்கரம் பேரிங் எரிந்து சாய்ந்து கிடக்கிறது. கருகிய கிரீஸ் நாற்றம் காருக்குள்ளும் வருகிறது. க்ளைவ் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி டோரீனின் மடியில், நாளை பெர்த்தில் தன் அக்காவின் அடக்கத்துக்குப் போட வாங்கிய கறுப்புத் தொப்பி. "இந்த ரோட்டுல எதிர்ல வர்றவன் எல்லாம் வணக்கத்துக்கு ஒத்தை விரலத்தான் தூக்குவான். அந்தக் கார்க்காரன் மட்டும் ரெண்டு கையையும் ஆட்டுனானே, நம்ம சக்கரத்துப் புகையக் காட்டித்தான் ஆட்டிருக்கான்." "பாசக்காரன்னு நெனச்சுட்டேன் டோரீன்." "நீயும் பதிலுக்கு டாட்டா காட்டுனே." கானலுக்குள்ளிருந்து லாரி ஒன்று வருகிறது. நெருங்கியதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார். நாற்பது வருடப் பழக்கத்தில் க்ளைவின் விரலும் தானாக எழுகிறது. லாரி நிற்காமல் போய்விடுகிறது.