மருதமரத்தில் ஒரு கீறல்

ஆற்றங்கரையில் யார் கடன் வாங்கினாலும் மருதமரத்துப் பட்டையில் ஒரு கீறல் விழும். இரண்டு வெள்ளம் கடந்துவிட்டால் கொடுத்தவர் அதைக் கேட்கக் கூடாது. கீறல் மட்டும் பட்டை தானாக உதிரும்வரை இருக்கும்.

நாரையிடம் நீர்நாய் கடனாக மீன் வாங்கி இரண்டு வெள்ளம் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கீறலைப் பார்த்துவிட்டு யாரும் அதற்கு ஒரு நண்டுகூடக் கடன் தரவில்லை. மார்கழிக் குளிரில் மீன்கள் ஆழத்துக்குப் போய்விட, வளையில் குட்டிகள் பசியில் முனகின.

மூடுபனி மிதந்த விடியலில் நாரை கனவில் வருவதுபோல் மெல்ல வந்தது. குரலில் அப்படி ஒரு தேன்.

"பழசை எல்லாம் யாரு கேட்டா, தங்கச்சி? பேருக்கு ஒரு கெண்டைக்குஞ்சு குடு. அந்தக் கீறலை நானே பார்த்துக்கறேன்."

குட்டிகளுக்கென்று வைத்திருந்த ஒரே மீனை நீர்நாய் நீட்டியது. நாரை விழுங்கியது. மரத்தடிக்குப் பறந்துபோய், பழைய கீறலின் மேலேயே அலகை ஆழமாக இறக்கியது.

"மீனைக் குடுத்து, கடன் இருக்குன்னு நீயே ஒத்துக்கிட்டே. ரெண்டு வெள்ளக் கணக்கு இன்னிக்குத்தான் புதுசா ஆரம்பம். மீதி எப்போ?"

பனிக்குள்ளிருந்து மருதமரம் நீர்நாயிடம் முணுமுணுத்தது.

"அடுத்த காத்துக்கே அந்தப் பட்டை உதிர்ந்திருக்குமே, தாயி."